முசோலினி கைப்பட எழுதிய கடிதமாம், வாங்கலாமா?

வெள்ளவத்தைக்காரன்:
கொட்டாஞ்சேனையில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் முசோலினியின் கடிதம் ஒன்று இருக்கிறது. இரண்டு தாள், முழுக்கக் கையெழுத்து, அடியில் பெரிதாக ஓர் 'எம்'. மேலே ரோம், 1942 நவம்பர் 3 என்றும் பக்கத்தில் ரோமன் எண்ணில் 20 என்றும் இருக்கிறது. அவருடைய அப்பப்பா துறைமுகத்தில் வேலை செய்தவராம், 'எரித்ரேயா' என்ற இத்தாலியக் கப்பலின் மாலுமி கொடுத்தாராம். நாலு லட்சம் கேட்கிறார். இணையத்தில் ஒப்பிட்டுப் பார்த்தேன், கையெழுத்து ஒத்துப்போகிறது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

துறைமுகப் பேரன்:
கப்பல் கதை பொய்யில்லை. எரித்ரேயா 1941 பெப்ரவரியில் செங்கடலில் இத்தாலியர் வைத்திருந்த மசாவாத் துறைமுகத்தில் இருந்து தப்பி ஜப்பான் போன கப்பல். 1943 செப்டெம்பர் 8 இத்தாலி சரணடைந்த செய்தி வந்தபோது சுமாத்திராப் பக்கம் நின்றது. ஜப்பானியரிடம் அகப்படாமல் நேரே கொழும்புக்கு ஓடி வந்து நேசப்படையிடம் ஒப்படைத்துக்கொண்டது. ஆனால் 1942 நவம்பரில் ரோமில் எழுதிய கடிதம் ஆசியாவில் நின்ற கப்பலுக்கு எப்படி வந்தது என்று அவரிடம் கேளுங்கள்.

பழைய முத்திரைக்காரன்:
தம்பி, கையெழுத்தை விடுங்கள். போலி செய்பவன் முதலில் பழகுவதே அதைத்தான், அதிலும் ஒற்றை 'எம்' என்றால் வேலை இன்னும் சுகம். 1957இல் இத்தாலியின் வெர்செல்லி நகரில் ஒரு தாயும் மகளும் முசோலினியின் நாட்குறிப்பையே கட்டுக் கட்டாக எழுதி வைத்துப் பிடிபட்டார்கள். அதற்குப் பத்து வருடம் கழித்தும் லண்டன் சண்டே டைம்ஸ் அதே சரக்குக்குக் காசு கட்டி ஏமாந்தது.

நான் பார்ப்பது அந்த 20ஐ. அது பாசிச ஆண்டு, முசோலினி ஆட்சியின் தனி ஆண்டுக்கணக்கு. அவரை ஆட்சிக்குக் கொண்டுவந்த ரோம் அணிவகுப்பு நடந்த 1922 ஒக்டோபர் 28இல் தொடங்குகிறது. அப்படியானால் 1942 நவம்பர் 3க்கு 21 என்றுதான் வரவேண்டும். அந்தக் கணக்கை நாடு முழுக்கக் கட்டாயமாக்கிய மனிதரே பிழை விடுவாரா?

வெள்ளவத்தைக்காரன்:
ஐயா, புது ஆண்டு பிறந்து ஒரு வாரம்தானே. ஜனவரியில் நாங்களும் காசோலையில் பழைய வருடத்தை எழுதுகிறோமே?

பழைய முத்திரைக்காரன்:
நல்ல கேள்வி, எழுதலாம்தான். அந்த வாரம் எகிப்தில் எல் அலமெய்ன் சண்டையில் அவருடைய படை சிதறிக்கொண்டிருந்தது, மனம் ஒரு நிலையில் இருந்திருக்காது. அதனால் இது ஒன்றை வைத்துத் தீர்ப்புச் சொல்லமாட்டேன். கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா வெளிச்ச டோர்ச் ஒன்று புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்குங்கள். தாள் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் கதை முடிந்தது. அப்படி ஒளிர வைக்கும் வெண்மையூட்டி கடதாசியில் பரவலானது 1950க்குப் பிறகுதான். ஒளிராவிட்டால் அசல் என்று துள்ளவும் வேண்டாம், பழைய பேரேட்டில் வெற்றுத் தாள் கிழிப்பது பெரிய வித்தையில்லை.

வெள்ளவத்தைக்காரன்:
டோர்ச் வாங்கமுதலே 20ஐப் பற்றிக் கேட்டேன். விலை ஒன்றரை லட்சத்துக்கு இறங்கிவிட்டது. இப்போது முசோலினி சொல்லச் சொல்ல செயலாளர் எழுதியதாம்.

துறைமுகப் பேரன்:
இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள், மாலுமியே வீட்டுக்கு எழுதியது என்பார். அதை ஐயாயிரத்துக்குத் தந்தால் நான் எடுக்கிறேன்.