கிளி ஜோசியர் கதைக்கு ஒரு உதவி வேண்டும்

எனக்கு ஜோசியத்தில் துளியும் நம்பிக்கை கிடையாது. அத்தையின் நச்சரிப்பு தாங்காமல் ராயபுரம் பக்கம் ஒரு கிளி ஜோசியரிடம் போய் உட்கார்ந்தேன். கிளி எடுத்த சீட்டில் முருகர். "கடல் பக்கமிருந்து சேதி வரும்" என்றார் ஜோசியர். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வேறு எங்கிருந்து வருமாம்! ஆனால் என் செருப்பையும் அத்தை முகத்தையும் நோட்டம் விட்டபடியே அவர் பேசிய விதம் பிடித்துப்போய், ஜோசியர் கோணத்தில் ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சிக்கல் இதுதான். பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கிளியைப் பறிமுதல் செய்துவிட்டால் இவர்கள் அப்புறம் பிழைப்புக்கு என்ன செய்கிறார்கள்? கைரேகைக்கு மாறிவிடுகிறார்களா? சீட்டு எடுக்கக் கிளியை எப்படிப் பழக்குகிறார்கள்? தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் இந்தத் தொழில் செய்யும் குடும்பங்களைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். யார் பெயரும் கதையில் வராது.