டி.ஏ.டி. தேர்வில் ஒரு பிரிவில் மட்டும் மதிப்பெண் குறைவு: ஜூனிலேயே விண்ணப்பிப்பதா, மறுதேர்வு வரை காத்திருப்பதா?

கேள்வி (உயிரியல் மாணவி)

வணக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் உயிரியல் இளநிலைப் படிப்பின் மூன்றாம் ஆண்டை முடித்துவிட்டு, இவ்வாண்டே பல் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். மே மாதம் எழுதிய டி.ஏ.டி. என்னும் பல் மருத்துவ நுழைவுத் தேர்வில், 200 முதல் 600 வரையிலான புதிய அளவுகோலின்படி, பாடப் பிரிவுகளின் சராசரி 430 வந்திருக்கிறது. ஆனால் வடிவங்களை மனத்தில் திருப்பிப் பார்க்கச் சொல்லும் பெர்செப்சுவல் எபிலிட்டி பிரிவில் 360தான் கிடைத்தது. கல்லூரிப் பாடங்களின் மதிப்பெண் சராசரியான ஜி.பி.ஏ. 3.6, ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் முதலில் சி கிரேடு வாங்கி, அதே பாடத்தை மீண்டும் எடுத்து ஏ வாங்கினேன்.

விண்ணப்பத்தை ஜூன் மாதமே அனுப்பிவிடலாமா, அல்லது ஆகஸ்டில் மறுதேர்வு எழுதி, அந்த மதிப்பெண்ணோடு அனுப்புவது நல்லதா? இரண்டு விதமான அறிவுரைகளையும் சம உறுதியோடு சொல்கிறார்கள். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

பதில் (பல் மருத்துவக் கல்லூரி மாணவர்)

ஜூனில் அனுப்பிவிடுங்கள். பெரும்பாலான கல்லூரிகள் விண்ணப்பங்களை வந்த வரிசையில் படித்து, வந்த வரிசையிலேயே நேர்காணலுக்கு அழைக்கின்றன. கடைசித் தேதி இலையுதிர் காலத்திலோ குளிர்காலத்திலோ இருக்கிறது என்பதற்காக அதுவரை எல்லா இடங்களும் காலியாக இருக்கும் என்று பொருளில்லை. சேர்க்கைக் கடிதங்கள் டிசம்பர் மாதம் வெளிவரத் தொடங்கும்போது, கோடையில் விண்ணப்பித்தவர்களில் பலர் நேர்காணலையே முடித்திருப்பார்கள்.

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. அமெரிக்கப் பல் மருத்துவக் கல்விச் சங்கம் நடத்தும் ஆட்சாஸ் பொது விண்ணப்பச் சேவை, டி.ஏ.டி. மதிப்பெண்ணும் பரிந்துரைக் கடிதங்களும் வந்து சேரும் முன்பே உங்கள் விண்ணப்பத்தைச் சரிபார்க்கத் தொடங்கிவிடும். அதற்கு முதலில் தேவைப்படுவது நீங்கள் படித்த எல்லாக் கல்லூரிகளின் டிரான்ஸ்கிரிப்டும், அதாவது அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியலும்தான். சரிபார்ப்புக்கே சில வாரங்கள் பிடிக்கும் என்பதால், மறுதேர்வு எழுதினாலும் எழுதாவிட்டாலும் அந்த வேலையை முன்கூட்டியே முடித்துவைப்பதில் நட்டமில்லை. மறுதேர்வு எழுதுவதாக முடிவெடுத்தால், அந்தத் தேதியையும் விண்ணப்பத்தில் குறித்துவிடலாம்.

ஆர்கானிக் கெமிஸ்ட்ரியைப் பற்றி: உங்கள் பல்கலைக்கழகம் பழைய மதிப்பெண்ணை நீக்கிவிட்டு ஏவை மட்டும் கணக்கில் கொண்டிருக்கலாம், ஆட்சாஸ் அப்படிச் செய்யாது. இரண்டையும் சேர்த்தே கணக்கிடும். எனவே 3.6 என்பது எந்தக் கணக்கு என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். உயிரியல், வேதியியல், இயற்பியல் பாடங்களுக்குத் தனியாக ஒரு ஜி.பி.ஏ.வும் கணக்கிடப்படும், தேர்வுக் குழுவினர் அதைத்தான் கூர்ந்து பார்க்கிறார்கள்.

பதில் (மாணவர் வழிகாட்டுத் துறையில் பணியாற்றுபவர்)

ஜூனில் அனுப்ப வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் மறுதேர்வு பற்றிய முடிவை இவ்வளவு எளிதாக விட்டுவிட முடியாது. பெர்செப்சுவல் எபிலிட்டி பிரிவை மட்டும் தனியே மீண்டும் எழுத வழியில்லை. முழுத் தேர்வையும் எழுத வேண்டும். இரண்டு முயற்சிகளுக்கு இடையே குறைந்தது 60 நாள் இடைவெளியும் வேண்டும். முந்தைய மதிப்பெண்ணும் கல்லூரிகளின் கண்ணில் படும். வடிவப் பிரிவில் நாற்பது புள்ளிகள் ஏறி, உயிரியலில் முப்பது இறங்கினால் நீங்கள் அடைந்த லாபம் என்ன?

360 என்பது வலுவான மதிப்பெண் இல்லை, அதை மறைப்பதற்கில்லை. சில கல்லூரிகள் ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தபட்ச எல்லை வைத்திருக்கின்றன, சில வைப்பதில்லை. நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் கல்லூரிகளில் எத்தனை அந்த எல்லையை வெளிப்படையாக அறிவித்திருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பாதிக்கு மேற்பட்டவை அப்படி அறிவித்திருந்தால் மறுதேர்வு எழுதுங்கள். இல்லையென்றால் அந்தக் கோடைக்காலத்தை விண்ணப்பத்தின் மற்ற பகுதிகளுக்குச் செலவிடுவதே அறிவுடைமை என்பது என் கருத்து.

விசாவில் படிப்பவராக இருந்தால் இன்னொன்றையும் சேர்த்துக் கவனியுங்கள். மாநில அரசுக் கல்லூரிகள் பல தம் மாநிலத்தவருக்கே முன்னுரிமை தருகின்றன. சில, வெளிநாட்டு மாணவர்களை ஏற்பதே இல்லை. மதிப்பெண் அட்டவணையைப் பார்ப்பதற்கு முன் இதைப் பார்த்துவிட்டால் விண்ணப்பக் கட்டணமாவது மிஞ்சும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. விசா பற்றிய கவலை எனக்கில்லை. விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டிய, என்னைப் பற்றிய கட்டுரைதான் இன்னும் முடியவில்லை. "சிறு வயதிலிருந்தே பல் மருத்துவராக வேண்டும் என்பது என் கனவு" என்று தொடங்கியிருக்கிறேன். படித்துப் பார்த்தால் எனக்கே அதில் உயிர் இல்லை என்று தோன்றுகிறது. பல் மருத்துவர் வேலை செய்வதை உடனிருந்து பார்க்கும் ஷேடோயிங் செய்த அனுபவம் உண்டு, ஆனால் அதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஓர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

பதில் (பொதுப் பல் மருத்துவர்)

ஓரமாக நின்று பார்த்ததில்தான் உங்கள் கட்டுரையே இருக்கிறது. அதற்குக் கிடைப்பது வெறும் 4,500 எழுத்துகள். சொற்களுக்கு இடையே விடும் வெற்றிடமும் அதில் அடக்கம். சிறுவயதுக் கனவை விவரிக்க அந்த இடத்தைச் செலவிட்டால், குழுவினர் ஏற்கெனவே நூறு பேர் எழுதிப் படித்ததையே மீண்டும் படிப்பார்கள்.

என் மருத்துவமனைக்கு வரும் மாணவர்களிடம், பல்லை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பாருங்கள் என்று சொல்வேன். மேல்தாடைக் கடைவாய்ப் பல்லைக் குடையும்போது மருத்துவர் பல்லை நேராகப் பார்ப்பதில்லை. கையிலுள்ள சிறு கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தே, முன்பின் மாறித் தெரியும் திசையில் கருவியை நகர்த்துகிறார். அந்தக் கண்ணாடியில் தண்ணீர்த் துளிகள் படிந்து மங்கும் முன்பே, உதவியாளர் சொல்லாமல் கொள்ளாமல் காற்றை ஊதித் தெளிவாக்கிக்கொண்டே இருக்கிறார். நோயாளி வாய் திறந்த நிலையில் பேச முடியாது. ஆகவே நாற்காலியின் கைப்பிடியை அவர் விரல்கள் எப்படிப் பற்றியிருக்கின்றன என்பதுதான் எங்களுக்குக் கிடைக்கும் தகவல். விரல் இறுகினால் கருவி நின்றுவிட வேண்டும். இப்படி எதையாவது நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்றை எடுத்து, அது இந்தத் தொழிலைப் பற்றி உங்களுக்கு எதைப் புரியவைத்தது என்று நேராக எழுதுங்கள். வடிவப் பிரிவில் மதிப்பெண் குறைந்ததற்கான விளக்கத்தைக் கட்டுரைக்குள் நுழைக்காதீர்கள். அங்கே அதற்கு வேலையில்லை. விண்ணப்பம் போய்விட்டால் கட்டுரையில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது என்பதால், ஜூன் அவசரத்தில் அரைகுறையாக அனுப்பிவிடவும் வேண்டாம். இரண்டு வாரம் தாமதமானாலும் பாதகமில்லை.

பரிந்துரைக் கடிதங்கள் நான்கு வரை சேர்க்கலாம். பெரும்பாலும் அறிவியல் பேராசிரியர்கள் இருவரும் ஒரு பல் மருத்துவரும் போதும். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை மீண்டும் எடுத்தபோது கற்பித்தவர் உங்களை நன்கு அறிந்தவரென்றால், அவரிடம் கேட்பதில் தயக்கம் வேண்டாம்; சியிலிருந்து ஏவுக்கு நீங்கள் வந்த வழியை அவரைவிட நம்பகமாகச் சொல்லக்கூடியவர் வேறு யார்? கடிதத்தைப் பார்க்கும் உரிமையைத் துறப்பதாகக் குறித்துவிடுங்கள். துறக்காவிட்டால் அந்தக் கடிதத்தை யாரும் முழுதாக நம்புவதில்லை.

பதில் (பல் மருத்துவக் கல்லூரி மாணவர்)

மறுதேர்வு எழுதுவதாக முடிவானால், வடிவப் பிரிவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது பிறவித் திறமை என்று நினைத்துப் பலர் பயிற்சியே செய்வதில்லை. ஒரு காலத்தில் இதே தேர்வில் சுண்ணக்கட்டியைச் செதுக்கச் சொன்னார்கள், கனடாவில் நெடுங்காலம் சோப்பைச் செதுக்க வைத்தார்கள். அவற்றோடு ஒப்பிட்டால் இப்போதுள்ளது பழகிக்கொள்ளக் கூடியதுதான்.

60 நிமிடத்தில் 90 கேள்விகள், ஒன்றுக்கு நாற்பது விநாடி. ஆறு வகைக் கேள்விகளும் சம எண்ணிக்கையில் வருவதால், பயிற்சியால் உறுதியாக மதிப்பெண் தரும் வகைகளை முதலில் கையகப்படுத்துங்கள். வெளியே தெரியும் பக்கங்களுக்கு வண்ணம் பூசிய கனசதுர அடுக்குகளை எண்ணும் கேள்வியில், படத்தைப் பார்த்தவுடனே குறிப்புப் பலகையில் 0 முதல் 5 வரை எழுதி, ஒவ்வொரு கனசதுரத்துக்கும் வண்ணம் பட்ட பக்கங்களை எண்ணி அந்தந்த எண்ணுக்கு நேரே கோடு போட்டுவிட்டால், அதே படத்தைப் பற்றிய எல்லாக் கேள்விகளுக்கும் விடை அந்தப் பட்டியலிலேயே இருக்கும். தரையில் பதிந்திருக்கும் அடிப்பக்கத்துக்கு வண்ணம் கிடையாது. அவசரத்தில் அதையும் சேர்த்து எண்ணிவிடுவார்கள். மடித்த தாளில் துளையிடும் கேள்விக்கும் இதே போல நான்குக்கு நான்கு கட்டம் வரைந்து, மடிப்புகளைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே வாருங்கள். கோணங்களை வரிசைப்படுத்துவதில் மட்டும் மிக நெருங்கிய இரண்டுக்கு நடுவே மாட்டிக்கொண்டால், ஏதாவது ஒன்றைக் குறித்துவிட்டு நகருங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை.