ஆற்றோர மணலில் ஆரஞ்சுக் கூட்டம்: தமிழ் மறவனா?

கேள்வி: மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓடைக்கரை ஈரமணலில் ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சிகள் கும்பலாக உட்கார்ந்திருந்தன. பூ ஒன்றும் இல்லை. பக்கத்தில் போனதும் மொத்தமாக எழும்பிவிட்டன. நம் மாநிலப் பட்டாம்பூச்சி தமிழ் மறவன்தானா? மண்ணில் என்ன தேடுகின்றன?

பதில் 1: படம் இருந்தால் போடுங்கள். மேல்பக்கம் மட்டும் போதாது, இறக்கையை மூடி உட்கார்ந்த படமும் வேண்டும்.

பதில் 2: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மறவனாக இருக்க நிறைய வாய்ப்பு. 2019இல் அரசு அறிவித்ததிலிருந்து ஆரஞ்சாக எது பறந்தாலும் மறவன் என்கிறார்கள், அதனால் சொல்கிறேன்: விரித்த இறக்கையின் ஓரத்தில் கறுப்பு விளிம்பு, மூடினால் அடியில் குறுக்காக வெள்ளிப் பட்டை. இரண்டையும் பாருங்கள். சமவெளித் தோட்டங்களில் சோம்பலாகப் பறக்கும், கறும்புள்ளி போட்ட ஆரஞ்சுப் பூச்சி வேறு.

மண்ணில் உறிஞ்சுவது உப்பு. பூந்தேனில் சர்க்கரை உண்டு, சோடியம் மிகக் குறைவு. பெரும்பாலும் ஆண்கள்தான் இப்படிக் கூடும். பல இனங்களில் சேர்த்த உப்பில் ஒரு பங்கு இனச்சேர்க்கையின்போது பெண்ணுக்குப் போய், முட்டைக்கும் சேர்கிறது. அடுத்த முறை நின்று பாருங்கள், கலைந்த கூட்டம் அதே இடத்துக்குத் திரும்பும்.

கேள்வி கேட்டவர்: வெள்ளிப் பட்டை இருக்கிறது! வீட்டில் என்ன செடி வைத்தால் வரும்?

பதில் 2: செடி இல்லை, மரம். புழு தின்பது நீரடிமுத்து இலை. ஒரு காலத்தில் தொழுநோய்க்கு எண்ணெய் எடுத்தார்களே, அதே மரம். தொட்டியில் வளர்க்கிற சமாச்சாரம் இல்லை. காட்டோரம் நிலம் இருந்தால் நடுங்கள்.