மறுமொழி: மெக்கானிக்ஸ் லீன் – ஜப்தியா, பற்றுரிமையா?

> 'மெக்கானிக்ஸ் லீன்' என்பதற்குத் தமிழில் 'ஒப்பந்ததாரர் ஜப்தி' என்று வைத்துவிடலாமே. படித்ததும் புரியும்.

ஐயா, புரியும், ஆனால் தப்பாகப் புரியும். ஜப்தி என்றால் நீதிமன்றம் உத்தரவு போட்டபின் அமீனா வாசலில் வந்து நிற்பது. நம் கையேட்டில் வரும் லீன் வேறு: வேலை செய்தும் பணம் வராதவர் அந்தச் சொத்தின் மேல் பதியும் உரிமை. கலிபோர்னியாவில் சமையலறையைப் புதுப்பித்தவர், "மீதிப் பணம் வராவிட்டால் வீட்டின் மேல் லீன் போடுவேன்" என்கிறார். வேலை அரைகுறை என்று வீட்டுக்காரர் பணத்தை நிறுத்தியிருக்கிறார். வழக்கே இன்னும் தொடங்கவில்லை.

லீன் போட்டால் உடனே நடப்பது, கவுன்ட்டி பதிவகத்தில் ஒரு ஆவணம் ஏறுவதுதான். வீட்டை விற்கப் போனாலோ மறுகடன் கேட்டாலோ அது குறுக்கே நிற்கும். பதிந்த 90 நாளுக்குள் அவர் வழக்குப் போடாவிட்டால் அதற்கு வலு இல்லை. நீக்கச் சொல்லி வீட்டுக்காரர் நீதிமன்றத்துக்குப் போகலாம். உரிமம் தேவைப்படும் வேலையை உரிமம் இல்லாமல் செய்தவருக்கோ கூலி கேட்டு வழக்காடும் உரிமையே அங்கே கிடையாது. முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். 'ஜப்தி' என்று எழுதினால் இதையெல்லாம் படிக்கும் முன்பே வாசகர் பயந்துபோய்ப் பணத்தைக் கட்டிவிடுவார்.

அடமானம் என்று இன்னொருவர் சொன்னதும் ஒட்டாது. அடமானத்துக்கு உரிமையாளர் கையெழுத்து வேண்டும். லீனோ சட்டமே தருவது, அவர் சம்மதம் தேவையில்லை. அமெரிக்காவில் இதற்கு முதல் சட்டம் 1791இல் மேரிலாந்து கொண்டுவந்தது. புதிய தலைநகரான வாஷிங்டனைக் கட்டக் கைவினைஞர்கள் நம்பி வரவேண்டுமே! 'மெக்கானிக்' அந்தக் காலத்துக் கைவினைஞர்தான், கார் பழுதுபார்ப்பவர் இல்லை.

'ஒப்பந்ததாரர்' என்பதையும் எடுத்துவிடலாம். வீட்டுக்காரர் ஒப்பந்ததாரருக்கு முழுப் பணமும் கொடுத்திருந்தாலும், அந்த ஒப்பந்ததாரர் டைல்ஸ் கடைக்குப் பாக்கி வைத்தால், முறையாக முன்னறிவிப்பு அனுப்பிய கடைக்காரரும் அதே வீட்டின் மேல் லீன் போடலாம். இந்த அநியாயம் பலருக்குத் தெரியாது.

என் பரிந்துரை: கட்டுவேலைப் பற்றுரிமை. வங்கியியல் பாடநூல்களில் லீனுக்குப் பற்றுரிமை ஏற்கெனவே உண்டு.

---

> கணக்கில் பற்று என்றால் டெபிட் ஆயிற்றே தம்பி. அதைவிட, வில்லங்கம் எல்லோருக்கும் தெரிந்த சொல்.

ஐயா, 'உரிமை' சேர்ந்தபின் டெபிட் என்று யாரும் படிக்க மாட்டார்கள். வில்லங்கம் நல்ல சொல்தான், ஆனால் அது வீட்டின் பக்கத்திலிருந்து பார்ப்பது. வேலை செய்தவருக்கு இருப்பது பற்றுரிமை. அதைப் பதிந்தால் வீட்டுக்கு வருவது வில்லங்கம். அடமானம், வரிப்பாக்கி எல்லாமே வில்லங்கம் என்பதால் அந்தச் சொல் மட்டும் போதாது. கையேட்டில் இப்படிப் போடலாமா?

"கட்டுவேலைப் பற்றுரிமை: ஒரு சொத்தில் செய்த வேலைக்கோ தந்த பொருளுக்கோ பணம் வராதபோது, அந்தச் சொத்தின் மேலேயே சட்டப்படி பதியக்கூடிய உரிமை."

---

> சரி, ஏற்கிறேன். வெய்வருக்கு?

உரிமைத் துறப்பு, அதாவது லீன் போடும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தருவது. இதில் இரண்டு வகையைப் பிரித்தே ஆகவேண்டும். காசோலை கொடுக்கும்போது வாங்குவது நிபந்தனைத் துறப்பு, பணம் சேர்ந்தால்தான் செல்லும். சேர்ந்தபின் வாங்குவது நிபந்தனையற்ற துறப்பு. ஒப்பந்ததாரரிடம் மட்டுமல்ல, முன்னறிவிப்பு அனுப்பிய ஒவ்வொருவரிடமும் வாங்கவேண்டும் என்பதை விளக்கத்திலேயே சேர்த்துவிடுகிறேன்.