மூஸ் இறைச்சிப் பைகளுக்குள் காற்று புகுகிறது: உதவி தேவை

கனடாவின் தண்டர் பே பகுதியில் கடந்த அக்டோபரில் உரிமம் பெற்று வேட்டையாடிய மூஸ் மானில் எங்கள் பங்காக வந்த சுமார் 40 கிலோ இறைச்சியை, வீட்டு உபயோக வேக்குவம் சீலரால் (பையிலுள்ள காற்றை உறிஞ்சி வாயை ஒட்டும் கருவி) பைகளில் அடைத்து, −18 டிகிரி செல்சியஸில் இயங்கும் பெட்டி ஃப்ரீசரில் வைத்தேன். மூன்று மாதங்களுக்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பைகள் தளர்ந்து, உள்ளே பனித்துகள் படிந்து, இறைச்சியின் ஓரங்கள் வெளிறிக் காய்ந்துவிட்டன. கொழுப்பு மிகக் குறைந்த இறைச்சி என்பதால், காய்ந்த பகுதி குழம்பில் எவ்வளவு வெந்தாலும் நாராகவே நிற்கிறது.

அரைத்த இறைச்சிக்குக் குறையில்லை. விலா எலும்பின் முனைகளில் தடித்த காகிதம் சுற்றிய பிறகு அந்தப் பைகளும் தப்பின. எலும்பில்லாத தொடைத் துண்டுகள்தான் இன்னும் சிக்கல். பையின் வாயைத் துடைத்து இருமுறை ஒட்டினேன், தடித்த பைகளுக்கும் மாறினேன், பயனில்லை. காற்றை உறிஞ்சும்போது இறைச்சிச் சாறு ஒட்டும் கோடுவரை ஏறுவதைப் பார்த்தேன். அதுவே காரணம் என்று ஐயப்படுகிறேன்.

துண்டுகளைத் தட்டில் பரப்பி மேற்பரப்பு இறுகும்வரை உறையவைத்த பின் அடைத்தால் போதுமா, அல்லது பிளாஸ்டிக் படலத்தின் மேல் ஃப்ரீசர் காகிதம் சுற்றும் பழைய முறைக்கே மாற வேண்டுமா?