முதன்மை ஆய்வாளர் ஆனபின் நேரமே இல்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். இதயநோய் மருத்துவப் பயிற்சி முடித்து நான்கு வருடம் ஆகிறது. போதனா மருத்துவமனை வேலை. முதல்முறையாக ஒரு மருந்து ஆய்வில் முதன்மை ஆய்வாளர் பொறுப்பு வந்திருக்கிறது. சந்தோஷம்தான், ஆனால் நேரம்?

நேற்று நெஞ்சுவலியோடு வந்தவரிடம் ஒப்புதல் படிவத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். இரண்டாம் பக்கம் திருப்பும்போதே கேத் லேபிலிருந்து (இதய ரத்தக்குழாய் அடைப்பைப் பார்த்துச் சரிசெய்யும் அறை) அழைப்பு. படிவத்தை மடித்துக் கோட்டுப் பையில் செருகிக்கொண்டு ஓடினேன். திரும்பி வருவதற்குள் அவரை ஆய்வில் சேர்க்கும் நேரம் தாண்டிவிட்டது.

அப்புறம் புள்ளியியல். மாரடைப்புக்கு ஆஸ்பிரின் பலன் தருமா என்று சோதித்து 1988-இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் 17,187 நோயாளிகள். அத்தனை பேர் இருந்தும், ராசிவாரியாகப் பிரித்தபோது மிதுன, துலா ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் பலன் தராததுபோல் தெரிந்தது! (சிறு குழுக்களாகப் பிரித்துப் பார்த்தால் தற்செயலாகவே தவறான முடிவு வரலாம் என்று எச்சரிக்கவே அப்படிப் பிரித்துக் காட்டினார்கள்.) எங்கள் துறைத் தலைவரோ எங்கள் ஆய்விலும் நோயாளிகளைப் பன்னிரண்டு துணைக்குழுவாகப் பிரித்துப் பார்க்கக் கேட்கிறார். எப்படி மறுப்பது?

ஆய்வுக்கென்று வாரத்தில் எத்தனை நாள் எழுதி வாங்கினீர்கள்? கையில் இருக்கும் நிதிக்கு ஒருவரைத்தான் எடுக்க முடியும்: ஒருங்கிணைப்பாளரா, புள்ளியியலாளரா? நானே உயிர்ப்புள்ளியியலில் முதுகலை படிப்பது பிரயோஜனப்படுமா? இதில் அடிபட்டுத் தேறியவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.