ரிப் கரன்ட்: “இழுவலை” வேண்டாம், வேறு சொல் தேவை

மடல் 1

வணக்கம். சிட்னியின் பாண்டை கடற்கரைக்கு வரும் தமிழர்களுக்காக ஓர் எச்சரிக்கைத் தாள் தயாராகிறது. கரையிலிருந்து ஆளைக் கடலுக்குள் கொண்டுபோகும் ஒடுங்கிய நீரோட்டமான ரிப் கரன்ட் என்பதற்கு வரைவில் “இழுவலை” என்றிருக்கிறது. இது பொருந்துமா?

மடல் 2

பொருந்தாது. இழுவலை மீன் பிடிக்கும் வலை. மீனவர் எவரும் அப்படித்தான் படிப்பார். அதைவிடப் பெரிய கோளாறு, அலைதான் இழுக்கிறது என்று சொல்வது. நம் நாளிதழ்கள் “ராட்சத அலை இழுத்துச் சென்றது” என்று எழுதி எழுதி அந்த எண்ணத்தை ஊறவைத்துவிட்டன.

உடையும் அலை நீரைக் கரைக்குத் தள்ளுகிறது. நீருக்கடியில் இருக்கும் மணல்திட்டுக்கு உட்புறம் அந்த நீர் தேங்கி மட்டம் உயர்கிறது. பிறகு கரையை ஒட்டி நகர்ந்து, திட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கே ஒடுங்கிக் கடலுக்குப் பாய்கிறது. பள்ளத்தில் ஆழம் அதிகம் என்பதால் அலை உடைவது குறைவு. இரு பக்கமும் வெண்ணுரை, நடுவில் கருமையான, சாதுவான நீர். “இங்கே அலை இல்லை” என்று குழந்தையை இறக்குவது சரியாக அந்த இடத்தில்தான். பாண்டையின் தென்முனையில், பேருந்து நிறுத்தத்துக்கு அருகே, இப்படி ஒன்றுக்கு “பேக்பேக்கர்ஸ் ரிப்” (முதுகுப்பைப் பயணிகளின் ரிப்) என்றே பெயர். அபாய அளவீட்டில் வடமுனைக்கு 10-க்கு 4, தென்முனைக்கு 7.

மடல் 3

> அலைதான் இழுக்கிறது என்று சொல்வது

அப்படியானால் 6 பிப்ரவரி 1938? அதே பாண்டையில் பெரிய அலைகள் அடுத்தடுத்து வந்து, 200-க்கும் மேற்பட்டோரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. 5 பேர் இறந்தார்கள்.

“அடியோட்டம்” என்று வைக்கலாமே? “ஓதவோட்டம்” (ஓதம் என்றால் கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம்) என்றும் ஒரு யோசனை.

மடல் 4

1938-இலும் திட்டில் நின்றவர்களை ஆழத்துக்குக் கொண்டுபோனது, அலைக்குப் பின் திரும்பிய நீர்தான்.

“அடியோட்டம்” ஆபத்தானது. ரிப் ஆளைக் கீழே இழுப்பதில்லை, கிடைமட்டமாகக் கொண்டுபோகிறது. கீழே இழுக்கும் என்று நம்புகிறவர் பதறிக் கரையை நோக்கியே நீந்திக் களைத்து மூழ்குகிறார். வழக்கமான வேகம் நொடிக்கு 0.3 முதல் 0.6 மீட்டர்; சில வேளை 2 மீட்டரைத் தாண்டும். அந்த வேகத்தை எதிர்த்து ஒலிம்பிக் வீரரும் முன்னேற முடியாது.

“ஓதவோட்டம்” முகத்துவாரங்களில் ஓதம் ஏறி இறங்கும்போது ஓடுவதற்குப் பொருந்தும். ரிப்பை உண்டாக்குவது அலை. ஓதம் வற்றியிருக்கும்போது பல இடங்களில் அது வலுக்கும், அவ்வளவுதான்.

என் முன்மொழிவு: வெளியிழுப்பு.

மடல் 5

“இழுப்பு” என்றால் எங்கள் ஊரில் மூச்சிரைப்பு! “நீவாடு” என்று மீனவர் சொல்லே இருக்கிறதே?

மடல் 6

நீவாடு எல்லாக் கடல் நீரோட்டத்துக்கும் பொதுச்சொல், ஆகவே இதற்குப் போதாது. “வெளி” ஒட்டிவிட்டால் நோய் நினைவுக்கு வராது. முழுச்சொல் “வெளியிழுப்பு நீரோட்டம்”, பலகையில் “வெளியிழுப்பு”.

கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன: பள்ளத்தில் நிலைத்திருப்பது “பள்ள வெளியிழுப்பு”, சட்டென்று தோன்றி மறைவது “திடீர் வெளியிழுப்பு”, தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல்தடுப்பு), பாறைமுனை ஆகியவற்றை ஒட்டி ஓடுவது “ஓர வெளியிழுப்பு”. தூண்டில் வளைவின் நிழலில் குளிப்பது பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்காகவே கடைசிச் சொல் வேண்டும்.

தாளில் “பக்கவாட்டில் நீந்து” என்று மட்டும் போடாதீர்கள். கரையோரமாக வந்து சேரும் ஓட்டத்துக்கு எதிராகத் திரும்பிவிட்டால் அதுவும் வீண். பல வெளியிழுப்புகள் சுழன்று திட்டுக்கே திரும்புகின்றன, சில நேரே ஆழத்துக்குப் போகின்றன. எனவே முதலில் மிதக்க வேண்டும், கையை உயர்த்திக் காவலரைக் கூப்பிட வேண்டும். தெம்பிருந்தால் கரைக்கு இணையாக, அலை உடையும் வெண்ணுரையை நோக்கி நீந்தலாம். அங்கே ஆழம் குறைவு, அலையே கரைக்குத் தள்ளும். ஒரு பக்கம் நகர முடியாவிட்டால் மறுபக்கம் திரும்ப வேண்டும். கரையில் நிற்பவர் வெறுங்கையோடு குதிக்கக் கூடாது. மிதக்கும் எதையாவது வீச வேண்டும்.

சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் குளிப்பதைத் தாளின் தலைப்பிலேயே போடுங்கள். வெளியிழுப்பு இடம் மாறினால் காவலர்கள் கொடியையும் மாற்றி நடுவார்கள். காலையில் நின்ற இடத்திலேயே மாலையிலும் இறங்கக் கூடாது.

மடல் 7

“வெளியிழுப்பு” ஏற்கப்பட்டது. வெளியிழுப்புக்கு நீர் சேர்க்கும் கரையோர ஓட்டத்துக்கு “ஊட்டோட்டம்” என்று எழுதியிருக்கிறேன்; வேறு சொல் இருந்தால் வெள்ளிக்குள் அனுப்புங்கள், சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது.